ரொட்டிசெரி: அடுப்படியில் பிறந்த ஓர் ஆட்டப்பெயர்

அமெரிக்காவில் பேஸ்பால் பருவம் முடிவுக்கு வரும் செப்டம்பர்க் கடைசியில், மைதானங்களில் நடக்கும் ஆட்டத்துக்கு நிழலாக இன்னோர் ஆட்டமும் முடிவை நெருங்கும். அங்கே பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. மெய்யான ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துத் தமக்கென்று அணி கட்டிக்கொண்ட நண்பர்கள், அந்த ஆட்டக்காரர்கள் பருவம் முழுதும் குவித்த எண்களைத் தம் கணக்கில் வரவு வைத்து, யார் முதல்வர் என்று பார்ப்பார்கள். ஊர் உலகம் இதனை இன்று ‘ஃபேண்டஸி பேஸ்பால்’ என்கிறது. பழகிய கைகளோ ‘ரோட்டோ’ என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடுகின்றன. ரோட்டோ என்பது ‘ரொட்டிசெரி’யின் குறுக்கம். ரொட்டிசெரி என்பதோ இறைச்சி சுடும் கடை. கூட்டலும் வகுத்தலுமே உயிராக உள்ள ஓர் ஆட்டத்துக்கு நெருப்பும் கொழுப்பும் மணக்கும் பெயர் எப்படி வந்து ஒட்டியது என்பதைச் சொல்லின் சுவை அறிந்தவர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்ப்போம். பிரெஞ்சில் ‘ரோத்தீர்’ என்றால் சுடுதல், வாட்டுதல். அதனோடு இடத்தையும் தொழிலையும் குறிக்கும் ‘எரி’ என்னும் ஈறு சேர்ந்தால் சுடும் இடம், சுட்டு விற்கும் கடை. நாம் உணவு என்பதோடு அகம் சேர்த்து உணவகம் என்று ஆக்கிக்கொள்வது போன்றதே இந்தச் சேர்க்கையும். ஆனால் இந்தச் சொல்லின் அழகெல்லாம் அதன் முதல் உயிரில் இருக்கிறது. பிரெஞ்சில் அந்த ஓகாரத்தின் தலைமேல் ஒரு குறி இடுவார்கள். முன்பு அங்கே ஒரு சகரம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. பழைய பிரெஞ்சில் ‘ரொஸ்தீர்’ என்று வழங்கியது, நாளடைவில் நடுவிலிருந்த மெய் தேய்ந்து விழ, விழுந்த மெய்யின் மாத்திரையை முன்னிருந்த உயிர் தாங்கி நீண்டு ‘ரோத்தீர்’ ஆயிற்று. நமக்கு இது புதிதன்று. பெயர் பேராவதும் அகப்பை ஆப்பையாவதும் இதே வழியில்தான். நடுவெழுத்து மறையும், முன்னுயிர் நீளும். மொழிகள் எவ்வளவு தொலைவில் பிறந்தாலும் நாக்கின் சோம்பல் எல்லா ஊரிலும் ஒன்றே என்று எண்ணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி சிறிதன்று.

விழுந்த சகரம் வேறோர் இடத்தில் பிழைத்துக் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதனைக் கைவிடுமுன்னரே ஆங்கிலேயர் அச்சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் ‘ரோஸ்ட்’; நம் உணவகங்களில் நெய் ரோஸ்ட் என்று தோசைக்குப் பின்னால் வந்து நிற்கிறதே, அதுவேதான். பல நூற்றாண்டுகள் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதே வேரின் மற்றொரு கிளையை, இம்முறை சகரம் உதிர்ந்த வடிவில், ‘ரொட்டிசெரி’ என்று ஆங்கிலம் மீண்டும் வாங்கியது. ஒரே வீட்டுப் பெண்ணை இரண்டு தலைமுறைக்கும் மருமகளாகக் கொண்டுவந்த குடும்பம்போல, ரோஸ்ட்டும் ரொட்டிசெரியும் ஆங்கிலத்தில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன. இரண்டுக்கும் மூலம் பிரெஞ்சும் இலத்தீனும் அல்ல. பிரான்சுக்குப் பெயர் கொடுத்த ஃபிராங்கியர் பேசிய ஜெர்மானிய மொழி. அவர்கள் ‘ரௌஸ்த்யன்’ என்று சொல்லியிருப்பார்கள் என்று அறிஞர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். அதன் உறவான ‘ரோஸ்டன்’ இன்றும் ஜெர்மனில் உயிரோடு உள்ளது.

இங்கே இரண்டு போலி உறவுகளை விலக்கிவிட்டுப் போக வேண்டும். தமிழ்க் காதில் ரொட்டிசெரி என்றதும் ரொட்டி விழும். அது இந்திவழி நமக்கு வந்த சொல், இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இரண்டாவது போலி உறவு இன்னும் வலியது, ஆங்கிலேயரையே ஏமாற்றுவது. கம்பியில் கோத்த கோழி நெருப்பின்முன் சுழன்றுகொண்டே வேகும் பொறியையும் இருபதாம் நூற்றாண்டில் ரொட்டிசெரி என்றே அழைக்கத் தொடங்கிவிட்டதால், சுழல்வதால்தான் அந்தப் பெயர், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘ரோட்டா’வே அதன் வேர் என்று பலரும் நம்புகிறார்கள். ரோட்டாவோ வேறு குடி. அதன் உடன்பிறப்பு வடமொழி ‘ரத’. நாம் இரதம் என்று இகரம் சேர்த்து ஏற்றுக்கொண்டது அதனைத்தான், நம் சொந்தத் தேர் வீதியில் நிற்கும்போதே. ஆக ரோட்டாவுக்கு இரதம் உறவு. ரொட்டிசெரிக்கு ரோட்டா உறவில்லை. சுழற்சி பொறியில் இருக்கிறது, சொல்லில் இல்லை. சொல்லில் இருப்பது நெருப்பு மட்டுமே. இறைச்சி கோக்கும் அந்தக் கம்பிக்குப் பழந்தமிழில் ‘காழ்’ என்று ஓர் அருமையான பெயர் உண்டு; காழிற் சுட்ட ஊனைப் பொருநராற்றுப்படையே விருந்தில் பரிமாறுகிறது.

இனி, அடுப்பிலிருந்து ஆட்டத்துக்கு வருவோம். 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர் வில்லியம் கேம்சன், தம் உடன்பணியாளர்களோடு ஓர் ஆட்டம் தொடங்கினார். ஆளுக்கு ஓர் அணி. மெய்யான ஆட்டக்காரர்களின் அடிசராசரி, ஓட்டங்களை உள்ளே கொணர்ந்த எண்ணிக்கை, பந்தெறிபவர்களின் வெற்றிகள், அவர்கள் விட்டுக்கொடுத்த ஓட்ட விகிதம் ஆகியவையே புள்ளிகள். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பேஸ்பால் செமினார்’. செமினார் என்பதன் இலத்தீன் மூலம் ‘செமினாரியும்’. விதையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்து, விதைத்து நாற்று வளர்க்கும் பாத்தியைச் சுட்டுவது. அதாவது, சொல்லுக்குச் சொல் நம் நாற்றங்கால். பெயருக்குத் தக்கபடியே நாற்று வேறு வயலுக்குப் போயிற்று. கேம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ஆட்டமும் உடன் சென்றது. அங்கே அதை ஆடியவர்களில் ஒருவர் பேராசிரியர் ராபர்ட் ஸ்க்லார். ஸ்க்லாரிடம் பயின்ற மாணவர் டேனியல் ஓக்ரெண்ட்.

ஓக்ரெண்ட் பின்னாளில் பதிப்பாசிரியராகவும் எழுத்தாளராகவும் பெயர் பெற்றவர். 2003இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வாசகர் சார்பில் தன்னையே விமர்சிக்க அமர்த்திய முதல் பொது ஆசிரியரும் அவரே. 1979 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்கு வானூர்தியில் செல்கையில் புதிய ஆட்டத்தின் விதிகளை வகுத்தார். கேம்சனின் ஆட்டத்தில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். ஓர் ஆட்டக்காரரை ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவர்க்கு அவர் இல்லை. ஆகவே ஏலம், பேரம், பண்டமாற்று என்று ஓர் அணி உரிமையாளருக்குள்ள அத்தனை தலைவலியும் ஆடுபவர்க்கு வந்து சேரும். ஆஸ்டினில் ‘தி பிட்’ என்னும் இறைச்சிக்கடையில் நண்பர்களிடம் அவர் இதனை விரித்துரைத்தபோது எவரும் மயங்கவில்லை. நியூயார்க் திரும்பியபின், மன்ஹாட்டன் கிழக்கு 52ஆம் தெருவில் ‘லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ்’ என்னும் உணவகத்தில் எழுத்தும் பதிப்பும் தொழிலாகக் கொண்ட நண்பர்கள் கூடி உண்டபோதுதான் திட்டம் ஏற்கப்பட்டது. 1980 பருவத்தில் முதல் ஆட்டம். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று: ரொட்டிசெரி லீக்.

ஆஸ்டின் நண்பர்கள் தலையசைத்திருந்தால் ஆட்டத்தின் பெயர் ‘பிட்’ ஆகியிருக்கும். பிட் என்றால் நெருப்புக்குழி. கிணற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்படியானாலும் பெயரில் சுட்ட வாடை போயிருக்காது என்பதைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. இரண்டு ஊரிலும் ஆட்டம் இறைச்சி சுடும் கடையில்தான் வாய்திறந்தது.

பெயரின் மறுபாதியான ‘லீக்’ என்பதும் பிரித்துப் பார்க்கத் தக்கது. கட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் ‘லிகாரே’ இத்தாலியில் ‘லேகா’ ஆகி, பிரெஞ்சில் ‘லீக்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. உடன்படிக்கையால் கட்டுண்டவர் கூட்டம் என்பது பொருள். தொலைவை அளக்கும் பழைய ‘லீக்’ இதனோடு ஒலியில் மட்டும் ஒன்றியது, குடி வேறு. தமிழில் இதற்குக் கழகம் என்று சொன்னால் நன்றாகவே பொருந்தும், ஒருவர் எதிர்பாராத முறையில். திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் களம். அதே சொல் பின்னர்க் கற்றோர் அவை ஆயிற்று, இன்று கட்சியும் பல்கலைக்கழகமும் ஆகி நிற்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, எண்களின்மேல் நம்பிக்கை வைத்து, எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் கூடிய கூட்டத்துக்குக் கழகம் என்பதன் பழம்பொருளும் இடைக்காலப் பொருளும் இன்றைய பொருளும் ஒருங்கே அமைகின்றன. இத்தனை அடுக்கு ஆங்கிலச் சொல்லில் இல்லை.

எழுதுகிறவர்கள் கூடினால் சொல்விளையாட்டு இல்லாமல் இராது. ஒவ்வொருவரும் தம் பெயரையே இரட்டுற மொழிந்து அணிக்குச் சூட்டினார்கள். ஓக்ரெண்டின் அணி ‘ஓக்ரெண்ட் ஃபெனோக்கீஸ்’. ஜார்ஜியா, ஃபுளோரிடா எல்லையில் பரந்து கிடக்கும் ஓக்கெஃபெனோக்கீ என்னும் சதுப்புநிலத்தின் பெயரை உடைத்துத் தம் பெயரோடு பிணைத்தது அது. அந்தச் சதுப்பின் பெயரோ அப்பகுதித் தொல்குடிகளின் மொழியில் நடுங்கும் நீரைக் குறிப்பது. ஹாரி ஸ்டைன் என்பவர் யாங்கீஸ் அணி உரிமையாளர் ஸ்டைன்பிரென்னரின் பெயரை நடுவில் வெட்டி ‘ஸ்டைன் பிரென்னர்ஸ்’ என்று தமதாக்கிக்கொண்டார். ஆசிரியர் ஸ்க்லார், விண்மீன் நோக்குவோரைக் குறிக்கும் ‘ஸ்டார் கேசர்ஸ்’ என்பதை ‘ஸ்க்லார் கேசர்ஸ்’ ஆக்கினார். எனக்கு மிகவும் பிடித்தது ராப் ஃபிளெடரின் ‘ஃபிளெடர் மைஸ்’. ஜெர்மனில் ‘ஃபிளெடர்மௌஸ்’ என்றால் வௌவால், சொல்லுக்குச் சொல் படபடக்கும் எலி. வௌவாலுக்கு ஆங்கிலத்தில் ‘பேட்’. பேஸ்பால் மட்டைக்கும் அதே ‘பேட்’. இந்த இரண்டும் வேறுவேறு வேரில் முளைத்து ஒலியில் வந்து கலந்தவை. ஒரு மனிதரின் குடும்பப்பெயருக்குள் ஜெர்மன் வௌவாலையும் அதன் வழியே ஆங்கில மட்டையையும் ஒளித்துவைத்த இந்தச் சிலேடையை நம் தனிப்பாடற் புலவர்கள் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

பெயர் பரவியதற்கு ஒரு வேலைநிறுத்தம் துணைசெய்தது. 1981 ஜூன் 12 அன்று ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேற, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. எழுத வேறொன்றுமில்லாத விளையாட்டுச் செய்தியாளர்கள் இந்த நிழலாட்டத்தைப் பற்றி எழுதினார்கள். தாமும் கழகம் அமைத்து ஆடினார்கள். ஓக்ரெண்ட்டே அந்த ஆண்டு ‘இன்சைட் ஸ்போர்ட்ஸ்’ இதழில் தம் ஆட்டத்தை விவரித்திருந்தார். 1984இல் கிளென் வாகனர் தொகுத்த விதிநூல் வந்தபின் நாடெங்கும் ரொட்டிசெரி என்றால் எவரும் கோழியை மட்டும் நினைக்கும் நிலை போயிற்று.

அப்போதுதான் பெயருக்கு ஒரு தடை வந்தது. ரொட்டிசெரி லீக் என்பதை நிறுவியவர்கள் தம் வணிகக்குறியாகப் பதிந்து வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் விதிகளை யாரும் ஆடலாம். பெயரைப் போட்டு யாரும் விற்க முடியாது. இதழ் நடத்தியோரும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நிறுவனங்களும் பொதுப்பெயர் ஒன்றைத் தேடி ‘ஃபேண்டஸி’ என்பதைப் பற்றிக்கொண்டார்கள். பெயர் என்னும் நம் சொல்லுக்கே இடம்விட்டு நகர்தல் என்றும் வினைப்பொருள் உண்டல்லவா. இங்கே அது நடந்தேவிட்டது.

ஃபேண்டஸி என்றதும் நாம் கற்பனை என்று பெயர்த்துவிடுகிறோம். கற்பனை வடமொழிக் ‘கல்பனா’ வழி வந்தது. அதே வடிவில் நிற்கும் இன்னொரு கற்பனை, பத்துக் கற்பனைகள் என்று கிறித்தவத் தமிழில் கட்டளைப் பொருளில் வழங்குவது, கற்பித்தலோடு உறவுடையது. ஆனால் கிரேக்கத்தில் ‘ஃபான்டாசியா’ என்பது முதலில் இல்லாததைப் புனைதல் அன்று, கண்முன் தோன்றச் செய்தல். ‘ஃபைனெய்ன்’ என்றால் காட்டுதல், ஒளிரச் செய்தல். அதே வேரிலிருந்து வந்த எபிபனி என்னும் திருநாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருக்காட்சிப் பெருவிழா என்று அழைப்பதைப் பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் வேர் அறிந்தவர். அந்த ஒளிவேரே வடமொழியில் ‘பா’ என்று நின்று, பானு என்னும் ஞாயிற்றின் பெயராகி, நம் வீட்டுப் பெண்களின் பெயராகவும் புழங்குகிறது. இரதம் ரோட்டாவுக்கு உறவு என்றேன்; பானு ஃபேண்டஸிக்கு உறவு. கற்பனை ஆட்டம் என்பதைவிடக் காட்சியாட்டம் என்பதே இதற்கு ஏற்ற பெயர் என்று நான் கருதுகிறேன். ஆடுகிறவர் எதையும் புனைவதில்லை. அடித்தவன் மெய், ஓடியவன் மெய், எண் மெய். சிதறிக் கிடந்த எண்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அதுவரை தெரியாத ஓர் அணியைக் கண்ணுக்குத் தெரியச் செய்கிறார், அவ்வளவே.

எண்கள் மெய்யானால் அவற்றின் உடைமை யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் இத்தகைய ஆட்டங்களை நடத்திய சி.பி.சி. நிறுவனத்துக்கும் பேஸ்பால் தலைமை அமைப்பின் இணையக் கிளைக்கும் நடந்த வழக்கில், ஆட்டக்காரர்களின் பெயரையும் ஆட்டக்கணக்கையும் உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்று 2006இல் தீர்ப்பாயிற்று. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ரொட்டிசெரி என்னும் பெயருக்கு வேலி உண்டு, ஆட்டக்காரர்களின் பெயருக்கு இந்த ஆட்டத்தில் வேலி இல்லை என்பது விந்தையான முடிவுதான். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஃபேண்டஸி ஊர்ப்பெயர் ஆனதும் ரொட்டிசெரி சுருங்கி ரோட்டோ ஆயிற்று; சுருங்கியது ஒலி மட்டுமன்று, பொருளும். முன்பு முழு ஆட்டத்தையும் குறித்தது இப்போது கணக்கிடும் ஒரு முறையை மட்டும் குறிக்கிறது. மற்ற முறை ‘ஹெட் டு ஹெட்’: வாரத்துக்கு ஒருவரோடு நேருக்குநேர் மோதி, கடைசி வாரத்தில் இருவர் மட்டும் எஞ்சி நிற்பது. அந்த மோதலைக் குறிக்கும் ‘மேட்ச்’ என்னும் சொல்லின் பழைய ஆங்கிலப் பொருள் மோதல் அன்று, இணை, நிகரானவர். நிகரானவரோடுதான் பொருத முடியும் என்பதால் அது போட்டியைக் குறிக்கலாயிற்று. ஆனால் நெருக்கமான முடிவின் முழுச்சுவையும் ரோட்டோவில்தான் என்பது பழையவர் கட்சி. நானும் அந்தக் கட்சி.

பத்து அணிகள் என்று கொள்வோம். முதல் விதிகளில் எட்டுப் பிரிவுகள்: அடிசராசரி, ஹோம் ரன், உள்ளே கொணர்ந்த ஓட்டம், தளத் திருட்டு, பந்தெறிதலில் வெற்றி, ஆட்டத்தைக் காத்து முடித்தல், விட்டுக்கொடுத்த ஓட்ட விகிதம், ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளமேற விட்டார் என்னும் விகிதம். இந்தக் கடைசி அளவை ஓக்ரெண்டே இந்த ஆட்டத்துக்காக உருவாக்கினார். இன்று மெய்யான பேஸ்பாலும் அதை ‘விப்’ என்ற பெயரில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் அணிக்குப் பத்து, அடுத்ததற்கு ஒன்பது என்று இறங்கும். இருவர் முதலிடத்தில் சமமானால் பத்தையும் ஒன்பதையும் கூட்டிப் பாதியாக்கி ஆளுக்கு ஒன்பதரை. அந்த அரைப்புள்ளியில் பட்டம் கைமாறும். அதைவிடக் கொடியது, உங்களோடு போட்டியிலேயே இல்லாத, எட்டாம் இடத்தில் கிடக்கும் ஒருவரின் ஆட்டக்காரன் கடைசி நாளில் ஒரு தளத்தைத் திருடி உங்கள் எதிரியைத் தளத் திருட்டுப் பிரிவில் ஓர் இடம் கீழே தள்ள, பட்டம் உங்கள் மடியில் வந்து விழுவது.

சராசரிப் பிரிவில் நெருக்கம் எவ்வளவு நுண்மையாகும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கடைசி நாள் காலையில் உங்கள் அணி 5,500 முறை மட்டை பிடித்து 1,500 அடிகள்; எதிரணி 5,480 முறையில் 1,494. அன்று எதிரணி 28 முறையில் 8 அடிகள் பெற்றுவிட்டது. உங்கள் ஆட்கள் 30 முறை நின்று 7 அடித்தால் நீங்கள் பின்தங்கிவிடுவீர்கள். எட்டாவது அடி விழுந்தால் இரண்டு அணிகளும் ஆறு தசம இடம் வரை 0.272694 என்று ஒன்றாகவே நிற்கும். ஏழாவது இடத்தில் உங்களுக்கு 3, எதிரிக்கு 2. பத்திலொன்றைப் பத்திலொன்றாக நறுக்கிக்கொண்டே போய் ஏழாம் நறுக்கில் ஓர் ஒற்றை எண் வேறுபாடு! அதைத் தருவது, கலிஃபோர்னியாவின் பின்மாலையில் எவனோ ஒருவன் உள்தளக்காரர்களுக்கு நடுவே உருட்டிவிட்ட ஒரு பந்து. அவனுக்கு உங்கள் அணி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அதனால்தான் முன்னணியில் இருப்பவர் கடைசி நாளில் தம் ஆட்களை உட்கார வைத்து விகிதத்தைக் காப்பாரா, இறக்கித் துணிவாரா என்பது இவ்வாட்டத்தின் பெரிய கேள்வி. மெய்யான மைதானத்திலும் ஒருமுறை இக்கேள்வி எழுந்தது. 1941 செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் 448 முறையில் 179 அடிகளோடு 0.39955 என்ற சராசரியில் நின்றார். ஆடாமல் இருந்தால் முழுமையாக்கி 0.400 என்றே பதிவாகும். ஃபிலடெல்ஃபியாவில் அன்று இரட்டை ஆட்டம். இரண்டிலும் ஆடினார், எட்டு முறையில் ஆறு அடித்து 0.406 என்று முடித்தார். ரோட்டோ ஆடுகிற எவரும் இந்தக் கதையை அறிவர். தம் ஆட்களை இறக்குவதற்கு இதனைத் துணைக்கு அழைப்பர்.

வென்றவருக்கு முதல் கழகம் வைத்த சடங்கு, தலையில் ‘யூ-ஹூ’ ஊற்றுவது. யூ-ஹூ என்பது நியூஜெர்சியில் பிறந்த ஒரு சாக்லேட் பானம். யாங்கீஸ் அணியின் யோகி பெர்ரா விளம்பரம் செய்து புகழ் சேர்த்தது. தொலைவில் நிற்பவரை அழைக்கும் ஒலியே அதன் பெயர், நம் கூ, கூவு, கூப்பிடு போல. வேர் தேட வேண்டாத, வாயிலிருந்து நேரே பிறந்த பெயர். வெற்றிக்கூச்சலும் அதுவே, ஊற்றும் பொருளும் அதுவே. ஆட்டத்தையும் அதன் பெயரையும் தந்த ஓக்ரெண்ட் இத்தனை ஆண்டுகளில் தம் கழகத்தின் பட்டத்தை வென்றதே இல்லை.